காற்றறிந்து ஊர்தி செலுத்துதல்

ஐம்பெரும் பூதங்களுள் நிலமும் நீரும் தீயும் கண்ணுக்குப் புலனாகும். காற்றோ கண்ணுக்குப் புலனாகாது. அதன் செயலே நமக்குப் புலனாகும். மரக்கிளை அசையும்போதும், கொடி பறக்கும்போதும், புழுதி எழும்போதும் காற்று வருவதை அறிகின்றோம். உயிர்களுக்கெல்லாம் மூச்சாய் நின்று காப்பதும் காற்றே. சீற்றங்கொண்டால் மரத்தை வேரோடு சாய்ப்பதும் காற்றே. ஆதலால் அதன் இயல்பை அறிந்து நடத்தல் மாந்தர் கடமையாகும்.

நம் முன்னோர் காற்றை நுணுகி ஆராய்ந்தவர்கள். அது வரும் திசைக்கேற்ப நான்கு பெயர்களை அவர்கள் வழங்கினர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கரிகாற்பெருவளத்தானின் முன்னோன் ஒருவன் காற்றின் இயல்பை அறிந்து கடலிற் கலம் செலுத்தினான் என்னும் செய்தியைப் புறநானூற்றில் வெண்ணிக் குயத்தியார் தருகின்றார். கலம் செலுத்துவோன் எந்தப் பொழுதில் பாயை விரிக்க வேண்டும், எந்தப் பொழுதில் சுருட்ட வேண்டும் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். அறியாதவன் கலத்தைக் காற்றுக் கவிழ்த்துவிடும்.

இக்காலத்தில் நிலத்தின்மீது செல்லும் உயர்ந்த ஊர்திகளும் ஒருவகையிற் பாய் விரித்த கலங்களே. கடலோடி காற்றை வேண்டிப் பாயை விரித்தான். நாமோ வேண்டாமலே பாயை விரித்துச் செல்கின்றோம். லாரியின் நீண்ட பக்கச் சுவரும், பேருந்தின் உயர்ந்த உடலும், வைக்கோல் ஏற்றிய வண்டியின் அகன்ற பாரமும் காற்றைத் தடுத்து ஏற்கும் பாய்களாகின்றன. கடலோடியின் பாயைச் சுருட்டிவிடலாம். இந்தப் பாய்களைச் சுருட்ட இயலாது. ஆதலின் இவற்றைச் செலுத்துவோர்க்குக் காற்றறிவு இன்னும் மிகுதியாக வேண்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஆந்திர மாநிலமும் கருநாடக மாநிலமும் தமிழகத்தோடு கூடுகின்ற எல்லைப் பகுதியில் அமைந்தது வேப்பனப்பள்ளி. பாறைக் குன்றுகளும் மாந்தோப்புகளும் ஏரிகளும் நிறைந்த நிலம் அது. அதன் தெற்கே கிருஷ்ணகிரியும், மேற்கே தொழில் நகரமாகிய ஓசூரும் உள்ளன. காசுமீரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்விரு நகரங்களின் வழியே செல்கின்றது. ஓசூர்த் தொழிற்சாலைகளிலிருந்து பொறிகளைச் சுமந்து வரும் லாரிகளும், இரும்புப் பேழை போன்ற கன்டெய்னர்களை ஏற்றிச் செல்லும் நீண்ட ஊர்திகளும், மாங்கனிக் கூடைகளும் தக்காளிப் பெட்டிகளும் அடுக்கிய சிறு லாரிகளும் இப்பகுதிச் சாலைகளில் இரவும் பகலும் ஓடுகின்றன.

இந்நிலத்தில் இருவகைக் காற்றுகளை ஓட்டுநர் அறிந்திருத்தல் வேண்டும். ஒன்று, சித்திரை வைகாசித் திங்களில் கோடைமழைக்கு முன்னர் எழும் சூறைக்காற்று. பகல் முழுதும் வெயில் காய்ந்து நிலம் கொதிக்கும். பிற்பகலில் வானத்தில் கருமுகில் மலைபோல் எழும். மழைத்துளி விழுமுன்னரே குளிர்ந்த காற்று ஒன்று திடீரெனப் பாய்ந்து வரும். உயரத்தில் முகிலினுள் குளிர்ந்து கனத்த காற்று கீழே விழுந்து, நிலத்தை மோதி, நாற்புறமும் பரவுவதே இதற்குக் காரணம். முற்றும் நிலையிலுள்ள மாங்காய்களை ஒரு நாழிகையில் உதிர்த்து, உழவரின் ஓராண்டு உழைப்பை மண்ணிற் சேர்ப்பது இக்காற்றே. இது நெடுநேரம் வீசாது. ஆயின் வீசும் சிறுபொழுதிற் பெருந்தீங்கு செய்யும்.

மற்றொன்று, ஆனி ஆடித் திங்களில் வீசும் தென்மேற்குப் பருவக்காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்னும் பழமொழி இதனைக் குறித்ததே. இது சூறைபோல் திடீரென வந்து மறைவதன்று, நாள்தோறும் வீசிக்கொண்டேயிருக்கும். கிருஷ்ணகிரிக்கு வேப்பனப்பள்ளி ஏறத்தாழ வடக்குத் திசையில் உள்ளது. ஆதலின் இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே செல்லும் ஊர்திக்கு மேல்காற்றுப் பெரும்பாலும் குறுக்குக் காற்றாகவே அமையும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையோ வடமேற்கு நோக்கிச் செல்கின்றது. தென்மேற்கிலிருந்து வரும் காற்று அதனையும் குறுக்கே தாக்கும். எதிர்க்காற்று வண்டியின் விரைவைக் குறைக்கும். பின்காற்று அதனை உந்தும். குறுக்குக் காற்றோ வண்டியை வழியினின்று விலக்கும். மூன்றனுள் இதுவே கொடியது.

உயர்ந்த ஊர்திகளுள் புதியதொரு வகையும் இக்காலத்திற் பெருகி வருகின்றது. படுக்கையும் அடுப்பும் நீர்த்தொட்டியும் உள்ளே அமைத்து, வீட்டையே உருளைகளின்மேல் ஏற்றியது போன்ற ஊர்தி அது. மக்கள் அதனைக் கேரவன் என்பர். இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவர் 1885-ஆம் ஆண்டில் இன்பச் செலவுக்கென்றே குதிரைகள் இழுக்கும் இத்தகைய வண்டி ஒன்றைச் செய்வித்து, அதற்கு 'வாண்டரர்' என்று பெயரிட்டார். தமிழகத்தில் திரைப்படத் துறையினர் படப்பிடிப்பு இடங்களில் ஓய்வு கொள்வதற்கு இவ்வகை ஊர்திகளைப் பயன்படுத்துகின்றனர். கேரள அரசு 2021-ஆம் ஆண்டிற் கேரவன் சுற்றுலாத் திட்டத்தைத் தொடங்கியது. இவ்வூர்தி பார்வைக்குப் பெரியது, உயரம் மிக்கது, ஆனால் அதன் சுவர்கள் மெல்லியவை. எனவே பருமனுக்கேற்ற எடை இதற்கு இல்லை. காற்றுக்கு எளிதில் இலக்காவதும் இதனாலேயே.

காற்று ஒரு பொருளைத் தள்ளும் வலிமை எவ்வாறு பெருகுகின்றது என்பதை இனிக் காண்போம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளும் விசையும் இரண்டு மடங்காகும் என்று நாம் எண்ணுவோம். உண்மை அதுவன்று. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்காகும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, தன்னை நேரே எதிர்த்து நிற்கும் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறத்தாழ 6 கிலோ எடையளவு விசையால் அழுத்தும். 72 கிலோமீட்டர் வேகத்தில் அஃது ஏறத்தாழ 25 கிலோவாகும். 108 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 56 கிலோவாகும்.

இக்கணக்கை ஓர் ஊர்திக்குப் பொருத்திப் பார்ப்போம். 7 மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள கேரவன் ஒன்றின் பக்கச் சுவர் பதினேழரைச் சதுர மீட்டர்ப் பரப்புடையது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் குறுக்குக் காற்று அதனை ஏறத்தாழ 440 கிலோ விசையுடன் தள்ளும். நாற்பது அடிக் கன்டெய்னரின் பக்கமோ ஏறத்தாழ 32 சதுர மீட்டர்ப் பரப்புடையது. அதன்மேல் விழும் விசை முக்கால் டன்னுக்கும் மிகுதியாகும். பலர் ஒன்றுகூடித் தோள்கொடுத்துப் பக்கவாட்டில் தள்ளுவது போன்றது இது. அவ்விசையும் ஒரே சீராக இராது. கூடியும் குறைந்தும், விட்டும் தொட்டும் வரும்.

காற்றின் விசை ஒன்றாயினும் எல்லா ஊர்திகளும் ஒரே வகையில் அதனைத் தாங்குவதில்லை. இதற்குரிய காரணத்தை மாணவர்கள் வகுப்பறையிலேயே கண்டறியலாம். வெறுந் தீப்பெட்டி ஒன்றை மேசையின்மேல் நெட்டுக்குத்தாக நிறுத்தி ஊதினால் அது விழுந்துவிடும். அதன் அடிப்பகுதியில் மணலை நிரப்பி மறுபடியும் நிறுத்தி ஊதினால் எளிதில் விழாது. மணலுக்குப் பதிலாக ஒரு சிறு கல்லை அதன் உச்சியில் வைத்து ஊதினால் முன்னையினும் விரைவாகத் தடுமாறக் காணலாம். எடை கீழே இருக்குமாயின் பொருள் நிலைத்து நிற்கும். எடை மேலே இருக்குமாயின் பொருள் சாயும். ஒரு பொருளின் எடை முழுவதும் கூடி நிற்பதாகக் கருதப்படும் புள்ளியை ஈர்ப்பு மையம் என்பர். அம்மையம் தாழ்ந்திருக்க வேண்டும். உருளைகளின் இடைவெளி அகன்றிருக்க வேண்டும். இவ்விரண்டும் அமைந்த ஊர்தி காற்றை எதிர்த்து நிற்கும்.

இதனால் மற்றொரு வியப்பான உண்மையும் விளங்கும். பாரம் ஏற்றிய லாரியைவிடப் பாரம் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லாரியே காற்றுக்கு மிகுதியும் அஞ்ச வேண்டும். நாற்பது அடிக் கன்டெய்னர் வெறுமையாக இருக்கும்போது அதன் எடை நான்கு டன்னுக்கும் குறைவே. சுமை நிறைந்திருக்கும்போதோ அது முப்பது டன் அளவினை எட்டக்கூடும். இரு நிலையிலும் பக்கச் சுவரின் பரப்பு ஒன்றே. காற்றின் விசையும் ஒன்றே. எதிர்த்து நிற்கும் எடைமட்டும் குறைந்துவிடுகின்றது. வேலை முடிந்தது, சுமை இறங்கியது, இனி விரைந்து வீடு திரும்பலாம் என்று ஓட்டுநர் மனம் தளரும் வேளையே அவர் மிக விழிப்பாயிருக்க வேண்டிய வேளையாகும். மென்மையான மயிற்பீலியும் அளவு கடந்து ஏற்றப்பட்டால் வண்டியின் அச்சு முறியும் என்னும் கருத்தை வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் உரைத்தார். வைக்கோலும் பஞ்சும் வெற்றுப் பெட்டிகளும் ஏற்றிய வண்டியைக் காணுந்தோறும் அக்கருத்தோடு இதனையும் நாம் சேர்த்து எண்ணலாம்: எடை குறைந்த பெரும்பாரம் அச்சை முறிக்காவிடினும் காற்றுக்கு வண்டியைக் காட்டிக் கொடுத்துவிடும்.

காற்றின் வேகத்தைக் குறைப்பது ஓட்டுநர் கையில் இல்லை. தம் ஊர்தியின் வேகத்தைக் குறைப்பது அவர் கையில் உள்ளது. இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். நேரே விழும் மழையில் நின்றால் தலை நனையும். ஓடினால் முகமும் மார்பும் மிகுதியாக நனையும். அதுபோலவே ஊர்தியின் வேகம் கூடும்போது குறுக்குக் காற்றும் ஊர்தியின் வேகத்தால் எதிர்ப்படும் காற்றும் ஒன்றாய்க் கூடித் தாக்குகின்றன. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் ஊர்தியை 40 கிலோமீட்டர் வேகமுள்ள காற்றுக் குறுக்கே தாக்கினால், அவ்வூர்தி உணரும் காற்றின் வேகம் ஏறத்தாழ 89 கிலோமீட்டராகும். பக்கவாட்டில் தள்ளும் விசையும் அதற்கேற்ப மிகும். மேலும், 80 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் ஊர்தி ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும். 40 கிலோமீட்டர் வேகத்திற் செல்வது 11 மீட்டரே கடக்கும். காற்று ஊர்தியை விலக்கியதை உணர்ந்து கை செயற்படுவதற்குள் ஒரு நொடி கழிந்துவிடுகின்றது. அந்த ஒரு நொடியில் எவ்வளவு தூரம் தவறான வழியிற் செல்கின்றோம் என்பதே உயிருக்கும் இறப்புக்கும் இடையிலுள்ள வேறுபாடாக அமையக்கூடும்.

காற்று எல்லா இடங்களிலும் ஒரே அளவாக வீசுவதில்லை. அது பதுங்கியிருந்து பாயும் இடங்கள் சில உள்ளன. இருபுறமும் குன்றைக் குடைந்து அமைத்த சாலையில் ஊர்தி செல்லும்போது காற்றே இல்லாதது போலத் தோன்றும். பாறைச் சுவர் முடியும் இடத்திற் காற்றுத் திடீரெனத் தாக்கும். ஏரிக்கரைமீது செல்லும் சாலை, ஆற்றுப் பாலம், நகரத்து மேம்பாலம், அடர்ந்த புளியமர வரிசை முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடம், தொழிற்சாலையின் நீண்ட மதில் முடியும் இடம் ஆகியனவும் அத்தகையனவே. இரு குன்றுகளுக்கு இடையிலுள்ள இடைவெளியிற் காற்று நெருக்குண்டு விரைந்து வரும். பாலக்காட்டுக் கணவாய் வழியே கோவைப் பகுதியிற் புகும் காற்றும், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே முப்பந்தலுக்கு வரும் காற்றும் இவ்வாறு வலிமை பெற்றனவே. அங்கெல்லாம் காற்றாலைகள் கூட்டங்கூட்டமாக நிற்பதற்கு அதுவே காரணம். காற்றாலைகள் நிறைந்த நிலத்திற் செல்லும் ஓட்டுநர்க்கு வேறோர் எச்சரிக்கைப் பலகை வேண்டுவதில்லை.

பிற ஊர்திகளைக் கடக்கும் வேளையும் இடர்மிக்கது. இடப்புறமிருந்து காற்று வீசுகின்றது எனக் கொள்வோம். ஊர்தி வலப்புறம் ஒதுங்காதிருக்க ஓட்டுநர் ஸ்டியரிங்கைச் சிறிது இடப்புறம் திருப்பிப் பிடித்திருப்பார். முன்னே செல்லும் நீண்ட லாரி ஒன்றை வலப்புறமாகக் கடக்க முற்படும்போது, அந்த லாரி காற்றை மறைத்துவிடும். காற்று நின்றவுடன், இடப்புறம் திரும்பியிருந்த ஊர்தி லாரியை நோக்கிச் சாயும். அதனைச் சரிசெய்து லாரியைத் தாண்டியவுடன் மறைந்திருந்த காற்று மீண்டும் முழு வலிமையோடு தாக்கி ஊர்தியை வலப்புறம் தள்ளும். வேப்பனப்பள்ளிச் சாலை போன்ற இருவழிச் சாலைகளில் வலப்புறம் என்பது எதிரே வரும் ஊர்திகளின் வழியன்றோ? ஆதலின் பெருங்காற்று வீசும்போது முந்துதலைத் தவிர்ப்பதே அறிவுடைமை. எதிரே வரும் பெரிய ஊர்தியும் தனக்கு முன்னுள்ள காற்றைத் தள்ளிக்கொண்டு வரும். அது நெருங்கும்போது நம் ஊர்தியை விலக்கும். கடந்து செல்லும்போது தன்பால் இழுக்கும்.

காற்றின் வேகத்தைக் கருவியில்லாமலே மதிப்பிட முடியும். பிரான்சிஸ் போபோர்ட் என்னும் ஆங்கிலக் கடற்படை அதிகாரி 1805-ஆம் ஆண்டில், சுழியம் முதல் பன்னிரண்டு வரை படிகளை வகுத்துக் காற்றை அளக்கும் முறையை உருவாக்கினார். கடலுக்கென அமைந்த அம்முறை பின்னர் நிலத்துக்கும் பொருத்தப்பட்டது. புழுதியும் காகிதத் துண்டுகளும் எழுமாயின் அது நான்காம் படி. காற்றின் வேகம் மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர். இலையடர்ந்த சிறு மரங்கள் ஆடினால் ஐந்தாம் படி. பெரிய கிளைகள் அசைந்து, கம்பிகள் சீழ்க்கையொலி எழுப்பி, குடை பிடிப்பது அரிதானால் ஆறாம் படி. வேகம் 39 முதல் 49 கிலோமீட்டர். முழு மரமும் ஆடி, காற்றை எதிர்த்து நடப்பது கடினமானால் ஏழாம் படி. வேகம் 50 முதல் 61 கிலோமீட்டர். மரத்தின் சிறு கிளைகள் ஒடிந்து விழுந்தால் எட்டாம் படி; வேகம் 62 முதல் 74 கிலோமீட்டர். ஆறாம் படியிலேயே உயர்ந்த ஊர்தியின் ஓட்டுநர் வேகத்தை நன்கு குறைத்தல் வேண்டும். ஏழாம் படியில் நிற்பதற்கு இடம் தேடுதல் வேண்டும். எட்டாம் படியில் அவர் சாலையில் இருத்தல் ஆகாது.

புறப்படுமுன் செய்ய வேண்டிய செயல்கள் சில உள. 1875-ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய வானிலைத் துறை, பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் நான்கு நிறங்களால் நாள்தோறும் எச்சரிக்கை வழங்குகின்றது. அதனை அறிந்த பின்னரே நெடுவழி புறப்படல் நன்று. பாரம் ஏற்றும்போது கனமானவற்றை அடியிலும், இலேசானவற்றை மேலும், இருபக்கமும் எடை ஒத்திருக்குமாறும் அடுக்குதல் வேண்டும். கூரைமேல் பாரம் ஏற்றுதலைத் தவிர்த்தல் வேண்டும். பாரம் இடம்பெயராதவாறு கயிற்றால் இறுக்கிக் கட்டுதல் வேண்டும். சாய்ந்த ஊர்தியினுள் பாரமும் ஒருபுறம் சரியுமாயின் கவிழ்வது உறுதியாகும். தார்ப்பாயின் ஒரு மூலை அவிழ்ந்து பறந்தாலும் அது உண்மையான பாயாகவே மாறிவிடும். பின்னே வருவோர் முகத்திலும் அது வீசியடிக்கும். கேரவனாயின் வெளியே விரித்த நிழற்பந்தலைச் சுருட்டிப் பூட்டி, கூரைச் சாளரங்களை மூடி, அடுப்பின் எரிவாயுவை நிறுத்துதல் வேண்டும். டயர்களில் உரிய அளவு காற்று இருக்கின்றதா என்பதையும் பார்த்தல் வேண்டும். காற்றுக் குறைந்த டயர் ஊர்தியின் ஆட்டத்தை மிகுதிப்படுத்தும்.

வழியிற் காற்று வலுக்கும்போது ஓட்டுநர் இரு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பற்றுதல் வேண்டும். பிடி உறுதியாக இருக்கலாம். விறைப்பாக இருத்தல் கூடாது. காற்றுத் தள்ளியவுடன் அச்சத்தால் எதிர்ப்புறம் வெடுக்கென்று திருப்புவோர் பலர். காற்று அந்நொடியே ஓய்ந்துவிடுமாயின், அவர் திருப்பிய திருப்பமே ஊர்தியைக் கவிழ்த்துவிடும். சிறிது சிறிதாகத் திருப்பிச் சரிசெய்வதே முறை. பிரேக்கைத் திடீரென மிதித்தலும் தீங்கு பயக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து வேகத்தைத் தணித்தல் வேண்டும். பின்னே இழுத்துச் செல்லும் டிரெய்லர் பாம்புபோல் இருபுறமும் நெளியத் தொடங்கினாலும் இதுவே செய்யத்தக்கது: ஸ்டியரிங்கை நேரே பிடித்து, வேகத்தைத் தானே குறையவிடல் வேண்டும். முன்செல்லும் ஊர்திக்கும் தமக்கும் உள்ள இடைவெளியை இரு மடங்காக்கிக் கொள்ளல் நலம். புழுதி கண்ணை மறைக்குமாயின் விளக்கை ஏற்றுதல் வேண்டும்.

பெரிய ஊர்தியில் இருப்பவர் தம்மை மட்டும் எண்ணுதல் போதாது. மிதிவண்டியிற் பள்ளிக்குச் செல்லும் மாணவரும், இருசக்கர வண்டியிற் பாற்குடத்தைக் கட்டிச் செல்லும் உழவரும் அதே சாலையில், அதே காற்றில் செல்கின்றனர். அவர்களைக் காற்று ஒருமுறை தள்ளும். அருகே விரைந்து செல்லும் லாரி எழுப்பும் காற்று மறுமுறை தள்ளும். அவர்களுக்கு மிகுந்த இடம் விட்டுக் கடத்தல் பெரிய ஊர்தியின் கடமையாகும். மாணவர்களும் காற்று நாளில் லாரியை ஒட்டிச் செல்லாமல் ஓரமாக ஒதுங்கி, தேவையாயின் இறங்கி நின்று, அது கடந்த பின்னர்ச் செல்வது நல்லது.

நிற்பதற்கும் ஒரு முறை உண்டு. மரத்தடி, விளம்பரப் பலகையின் அடி, மின்கம்பியின் அடி ஆகிய இடங்களில் நிறுத்துதல் ஆகாது. பாலத்தின்மீதும் நிறுத்துதல் ஆகாது. உறுதியான பெருங்கட்டடம் ஒன்றின் மறைவு கிடைக்குமாயின் அங்கே நிறுத்தலாம். அது கிடைக்காவிடின் சாலையை விட்டு விலகிய திறந்தவெளியில், ஊர்தியின் முகம் காற்றை நோக்கியிருக்குமாறு நிறுத்துதல் வேண்டும். ஊர்தியின் முகப்புப் பரப்பு பக்கப் பரப்பினும் மிகக் குறைந்ததாதலின் அந்நிலையில் அது கவிழ்வது அரிது. கைப் பிரேக்கை இட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தல் வேண்டும். கதவைத் திறக்கும்போதும் கையால் இறுகப் பற்றித் திறத்தல் வேண்டும். காற்றுப் பறித்த கதவு இறங்குவோரைத் தாக்கக்கூடும்.

காற்றை மதியாமற் கட்டியவற்றையும் ஓட்டியவற்றையும் காற்று மன்னித்ததில்லை. ஸ்காட்லாந்து நாட்டில் டே ஆற்றின்மேல் அமைந்த இருப்புப்பாதைப் பாலம் 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் இரவில், புகைவண்டி ஒன்று தன்மேற் செல்லும்போதே புயலில் முறிந்து வீழ்ந்தது. பலர் மாண்டனர். பக்கவாட்டில் வரும் காற்றின் விசையைப் போதிய அளவு கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் அப்பாலம் கட்டப்பட்டிருந்தது. நம் நாட்டில் 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து அங்குச் சென்ற புகைவண்டியைக் கடல் கொண்டது. அதிலிருந்தோர் உயிர் துறந்தனர்.

அத்துயரங்களிலிருந்து மாந்தர் பாடம் கற்றனர். பாம்பன் கடலின்மேல் 1914-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இருப்புப்பாதைப் பாலத்துக்கு மாற்றாக 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பட்டது. அங்குக் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஓயாது இயங்குகின்றது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தை எட்டினால் கைகாட்டி சிவப்பாகிவிடும். புகைவண்டி பாலத்தில் ஏறாது. இங்கிலாந்தையும் வேல்சு நாட்டையும் இணைக்கும் செவர்ன் முகத்துவாரத்தில் 1966-ஆம் ஆண்டில் ஒரு பாலமும், 1996-ஆம் ஆண்டில் மற்றொரு பாலமும் திறக்கப்பட்டன. பழைய பாலத்திற் காற்று வலுக்கும்போது உயர்ந்த ஊர்திகளைச் செல்லவிடுவதில்லை. புதிய பாலத்தின் இருபுறமும் காற்றைத் தடுக்கும் வேலி அமைத்திருக்கின்றனர்.

புகைவண்டிக்குச் சிவப்பு விளக்கு உண்டு. அதனைக் கண்டதும் எவரும் ஓட்டுநரை ஏன் நின்றாய் என்று கேளார். நம் ஊர்ச் சாலையிற் செல்லும் லாரி ஓட்டுநர்க்கு அத்தகைய விளக்கு இல்லை. குறித்த வேளையிற் சரக்குச் சேர வேண்டும் என்று ஒருவர் தொலைபேசியில் விரைவுபடுத்துவார். மாங்கனி அழுகிவிடும் என்று மற்றொருவர் கவலுவார். அருகே செல்லும் ஓட்டுநர் நிற்காமற் போவதைக் கண்டு தமக்கும் நிற்க நாணம் தோன்றும். இவற்றையெல்லாம் தாண்டி, காற்றின் குறியை மட்டும் பார்த்து, தாமே தமக்குச் சிவப்பு விளக்காக நிற்கும் உறுதி அவருக்கு வேண்டும். அரைமணி நேரம் காத்திருந்தால் சூறைக்காற்றுப் பெரும்பாலும் தணிந்துவிடும். அந்த அரைமணியைச் சரக்குக்கு உரியவர் பொறுத்துக்கொள்ளலாம். ஓட்டுநர் இல்லாத வீட்டில் அவர் மக்கள் பொறுக்க வேண்டிய காலமோ அளவிடற்கரியது.

மாணவர்களே! உங்களுட் சிலர் நாளை ஊர்தி ஓட்டுவீர்கள். சிலர் சரக்கு அனுப்புவீர்கள். சிலர் சாலையும் பாலமும் அமைப்பீர்கள். ஓட்டுநராயின் நிற்க அறியுங்கள். சரக்குக்கு உரியவராயின், காற்றுக்காக நின்ற ஓட்டுநரைக் கடிந்துகொள்ளாதீர்கள். பொறியாளராயின், வெட்டவெளிப் பாலத்தில் ஒரு காற்றுத் தடுப்பை அமைக்க மறவாதீர்கள். இன்றும் நீங்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. உங்கள் தந்தையோ அண்ணனோ பாரம் ஏற்றிப் புறப்படும்போது, வானத்தையும் மரத்தையும் ஒருமுறை பார்த்து, கிளைகள் ஆடும் நிலையை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தோன்றாத காற்றை முன்னரே அறிந்து சொல்லும் ஒரு சொல், வீட்டுக்குத் திரும்பும் ஓர் உயிராக அமையலாம்.